திருகோணமலைல நாங்க, கும்பகோணத்துல அப்பா தனியா. இப்ப கிளம்பினா திரும்ப முடியாது, என்ன பண்றது?

கும்பகோணத்துப்பொண்ணு
9 ஜூன் 2021, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

எங்க சொந்த ஊர் கும்பகோணம். வீட்டுக்காரர் வேலைக்காக 2019 ஜூன்ல திருகோணமலைக்கு வந்தோம், உப்புவெளில வாடகை வீடு, பெரியவன் நாலாவது படிக்கிறான், சின்னவளுக்கு அஞ்சு வயசு. வெளிநாடுன்னு பேர்தான், இந்த ஊர்ல நாங்க அன்னியமா இருந்ததே இல்ல. எதிர்ல வர்றவங்க தமிழ் பேசுறாங்க, கோணேசர் கோயில் இருக்கு, கடல் இருக்கு, சின்னவ இப்பல்லாம் ஆமான்னே சொல்றதில்ல, "ஓம்"தான், காலைல பாண் (பிரட்) விக்கிற ஆட்டோ மியூசிக் கேட்டா "அம்மா கெதியா வாங்கோ"ன்னு கத்துறா. 2020 பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போய் பலாலில ஃப்ளைட் ஏறி சென்னை போனோம், அந்த சர்வீஸ் ஆரம்பிச்சே அப்ப ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. விடியக்காலைல இங்க காபி குடிச்சிட்டு கிளம்பினா ராத்திரி சாப்பாடு கும்பகோணத்துல அம்மா கையால. இவ்ளோ கிட்டன்னுதான் நான் இங்க வர்றதுக்கே ஒத்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மார்ச்ல அந்த ஃப்ளைட் நின்னுச்சு, 20ம் தேதி சாயங்காலம் இங்க ஊரடங்கு, 25ம் தேதில இருந்து அங்க லாக்டவுன்.

அம்மா போனது 2020 செப்டம்பர். கொரோனா இல்ல, ஹார்ட் அட்டாக், தூக்கத்துலயே போயிட்டாங்க. எனக்கு இன்னும் ஆறாதது என்னன்னா அந்த மாசம் இங்க எல்லாமே சாதாரணமா ஓடிட்டு இருந்துச்சு, ஊரடங்கை ஜூன் கடைசிலயே முழுசா எடுத்துட்டாங்க, ஸ்கூல் நடந்துச்சு, பீச்ல கூட்டம், ஏர்போர்ட் ஒண்ணுதான் மூடி இருந்துச்சு. இந்தியாவுக்கு ஸ்பெஷல் ஃப்ளைட் எப்பவாவது ஒண்ணு, பேர் குடுத்துட்டு காத்திருக்கணும். அங்க ஒரு நாளைக்கு மேல வச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. சித்தி பையன் வாட்ஸ்அப்ல வீடியோ போட்டு போனை ஒரு சேர்ல சாத்தி வச்சிட்டு தூக்குறதுக்கு ஓடிட்டான், போன் சரிஞ்சிருச்சு, யாரும் கவனிக்கல. பத்து நிமிஷம் எனக்கு சாமியானா கம்பும் அதுல கட்டியிருந்த டியூப் லைட்டும் மட்டும்தான் தெரிஞ்சுது. சங்கு சத்தம் கேட்டுது. அப்பா யார்கிட்டயோ "பொண்ணு பாக்குறாளா, பொண்ணு பாக்குறாளா"ன்னு ரெண்டு தடவை கேட்டது கேட்டுது. பாக்கலப்பான்னு நான் இங்க கத்துறேன், அங்க யாருக்கும் கேக்கல.

இப்ப அப்பா விஷயத்துக்கு வர்றேன். அப்பாவுக்கு 71. மே 17 பாசிட்டிவ், தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரில பத்து நாள் ஆக்ஸிஜன் வச்சு ஸ்டீராய்டு குடுத்து இப்ப நெகடிவ் ஆகி வீட்டுக்கு வந்துட்டார். ஆனா ரொம்ப தளந்துட்டார், பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது. வீட்ல தனியாதான் இருக்கார். எதிர்வீட்டு அக்கா சாப்பாட்டை கேட்ல மாட்டிட்டு குரல் குடுத்துட்டு போறாங்க, அவங்களுக்கு நான் ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டிருக்கேன். அண்ணன் ஷார்ஜால. ஏப்ரல் 25ல இருந்து இந்தியால இருந்து அங்க யாரும் நுழைய முடியாது, வந்துட்டா அவன் வேலை அவ்ளோதான். இங்கயும் அதே நிலைமை, மே 6ல இருந்து இந்தியால இருந்து வர்றவங்களுக்கு தடை, ஜூன் 1 ஏர்போர்ட்டை திறந்தப்பவும் கடைசி 14 நாள் இந்தியால இருந்தவங்களுக்கு அனுமதி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதாவது போகலாம், வர முடியாது. எப்ப வர முடியும்னு யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் 2022 மார்ச் வரைக்கும். நடுவுல விட்டுட்டு போனா வேலை போயிரும், ஊர்ல வீட்டு லோன் ஓடிட்டு இருக்கு. அதனால போறதுன்னா நானும் பிள்ளைங்களும் போகணும், இவர் இங்க தனியா. இல்ல நான் மட்டும் போகணும், ஆனா இவர் காலைல ஏழு மணிக்கு சைட்டுக்கு போனா பொழுது சாஞ்சுதான் வருவார், ஸ்கூலும் மூடிக் கிடக்கு, சின்னவளை யார் பாக்குறது. இல்ல யாருமே போகாம இங்கயே இருந்து போன்ல அழுதுட்டு இருக்கணும். இங்க ஊருக்குள்ளயே வெளிய போகக் கூடாதுன்னு ஒரு பயணத்தடை வேற, இப்போதைக்கு 14ம் தேதி வரைக்கும்னு சொல்லியிருக்காங்க, கேட்டைத் தாண்டியே மூணு வாரம் ஆச்சு.

ஒரு சின்ன விஷயம் சொல்றேன். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினதுல இருந்து இங்க ஒரு கிலோ மஞ்சள்தூள் ஆயிரக்கணக்குல போச்சு, உளுந்தும் அப்படித்தான். நான் இதுவரைக்கும் மஞ்சள் வாங்கல. 2020 பொங்கலுக்கு அம்மா காயவச்சு அரைச்சு குடுத்த தூள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு, ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையா போட்டு ஒன்றரை வருஷமா ஓட்டுறேன், இப்ப பாட்டிலோட அடி தெரியுது. அதைப் பாக்கும்போதெல்லாம் அப்பாவையும் இப்படியே விட்டுருவேனோன்னு வயித்தைப் பிசையுது.

இந்த மாதிரி நிலைமைல இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?


வெள்ளவத்தை_நெல்லைக்காரன்
10 ஜூன் 2021, காலை 7.15

சிஸ்டர், படிச்சிட்டு ராத்திரி தூங்கல. நான் கொழும்புல ஏழு வருஷமா இருக்கேன், இதே முடிவை போன வருஷம் எடுத்தவன், அதனால உரிமையோட சொல்றேன், குடும்பத்தைப் பிரிக்காதீங்க.

2020 ஜூன் 1ம் தேதி கொழும்பு துறைமுகத்துல இருந்து நம்ம கடற்படை கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா தூத்துக்குடிக்கு போச்சு, 685 பேர், அதுல என் மனைவியும் ரெண்டு வயசு பொண்ணும் இருந்தாங்க. மனைவிக்கு ரெண்டாவது மாசம், இங்க ஊரடங்குல செக்கப்புக்கு போறதே பெரும்பாடு, ஊர்ல அம்மா வீடு இருக்கு, ரெண்டு மாசத்துல எல்லாம் சரியாயிரும், நீ போய் இருன்னு நான்தான் அனுப்பினேன். மறுநாள் வ.உ.சி. துறைமுகத்துல இறங்கி டெஸ்ட் எடுத்து பஸ்ல ஊருக்கு கொண்டுபோய் விட்டாங்க, அந்த ஏற்பாட்டுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு மாசம் ஒம்பது மாசம் ஆச்சு. பையன் பொறந்ததை நான் போன்ல பாத்தேன். 2021 மார்ச்ல அனுமதி மேல அனுமதி வாங்கி, ஹோட்டல்ல 14 நாள் தனிமைல இருந்து வீட்டுக்கு வந்து சேந்தாங்க. பொண்ணு என்கிட்ட வரல. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், அப்பா எங்கன்னு கேட்டா மேசைல கிடக்குற போனைக் காட்டுது. அந்த ஒரு வாரம் நான் பட்டதை யாரும் படக்கூடாது.

உங்க பெரியவனுக்கு நாலாவது, விவரம் தெரிஞ்ச வயசு, அவனுக்கு இன்னும் கஷ்டம். அப்பாவுக்கு பணம் அனுப்புங்க, முழுநேரத்துக்கு ஒரு ஆள் வைங்க, தினமும் நாலு தடவை பேசுங்க. நீங்க நாலு பேரும் ஒரே கூரைக்கு கீழ இருங்க.

இல்ல கட்டாயம் போறீங்கன்னா கேட்டுக்கோங்க. பயணத்தடை இருந்தாலும் ஃப்ளைட் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டினா வழில விடுறாங்க, டிரைவருக்கும் திரும்பி வர்ற காரணத்துக்கு டிக்கெட் காப்பி ஒண்ணு குடுத்து விடுங்க. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியா கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு வர ஆறு மணி நேரம் வைங்க, தடுத்து நிறுத்துற இடத்துக்கெல்லாம் சேத்து எட்டுன்னு கணக்கு போடுங்க. கிளம்புறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த பிசிஆர் வேணும், இந்தியாவுக்கு வர்றவங்களுக்கான ஏர் சுவிதா வெப்சைட்ல ஃபார்ம் போடணும், பிள்ளைங்க பேரையும் சேத்து போடுங்க, நிறைய பேர் அதை விட்டுட்டு ஏர்போர்ட்ல அல்லாடுறாங்க.


தஞ்சாவூர்_நர்ஸ்
10 ஜூன் 2021, மதியம் 2.05

அக்கா நான் கோவிட் வார்டுல வேலை பாக்குறேன், நைட் ட்யூட்டி முடிச்சு தூங்கி எழுந்து டைப் பண்றேன், பயணத்தைப் பத்தி எனக்கு தெரியாது, அப்பாவுக்கு இன்னைக்கே செய்ய வேண்டியதை மட்டும் சொல்றேன்.

ஆக்ஸிமீட்டர் வீட்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லி வாங்கி வைக்க சொல்லுங்க. உக்காந்து ஒரு தடவை, வீட்டுக்குள்ளயே ஆறு நிமிஷம் நடந்துட்டு ஒரு தடவை பாக்கணும், நடந்த பிறகு 94க்கு கீழ போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். விரல் ஜில்லுன்னு இருந்தா தப்பா காட்டும், தேச்சு சூடாக்கிட்டு மாட்ட சொல்லுங்க.

அதைவிட முக்கியம் சுகர். ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு இதுக்கு முன்னாடி சுகரே இல்லன்னாலும் ஏறும், வார்டுல தினமும் பாக்குறேன். கருப்பு பூஞ்சைன்னு சொல்றாங்களே அது அதிகமா வர்றது சுகர் கட்டுப்பாட்டுல இல்லாத ஆளுங்களுக்குத்தான். ஒரு பக்கம் கன்னம் வலி, கண் வீக்கம், மூக்குல கருப்பா சளி, பல் ஆடுறது இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேணாம். மூச்சு வாங்கினா குப்புற படுக்க சொல்லுங்க, நெஞ்சுக்கு கீழ தலகாணி வச்சு. தளர்ச்சி ஆறு வாரம் எட்டு வாரம் கூட இருக்கும், அதைப் பாத்து பயந்துறாதீங்க, வயசானவங்க மெதுவாதான் தேறுவாங்க.

இன்னொன்னு, நம்ம மாவட்டத்துல மத்த இடம் மாதிரி தளர்வு குடுக்கல, கேஸ் அதிகம்னு சொன்ன 11 மாவட்டத்துல தஞ்சாவூரும் ஒண்ணு. நீங்க வந்தாலும் சென்னைல இருந்து வர இ-பதிவு போடணும். மருத்துவக் காரணம்னு போட்டா கிடைச்சிரும்.


திருமலை_ரீச்சர்
11 ஜூன் 2021, மாலை 5.50

பிள்ளை, நான் உப்புவெளிக்குக் கிட்டத்தான் இருக்கிறன், ஓய்வு பெற்ற ஆசிரியை. உங்கட பதிவை மகள்தான் காட்டினவ. மூண்டு தரம் வாசிச்சன்.

கேர்பியூ எண்டா எங்கட சனத்துக்குப் பழக்கம். போன வருசம் மார்ச்சில முதல் நாள் கேர்பியூ போடேக்க எங்கட வீட்டில ஒருத்தரும் பதறேல்ல, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி எண்டு கை தானா எடுத்து வைக்குது. பேரப்பிள்ளையள்தான் மான் எல்லாம் பஸ் ஸ்ராண்டுக்குள்ள வந்து படுத்திருக்கு எண்டு போனில படம் பாத்துக்கொண்டு இருந்துதுகள். ஆனா கேர்பியூ வேற, கடல் இடையில நிக்கிறது வேற. அது எனக்கு நல்லாத் தெரியும்.

1990 ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு நானும் அவரும் கைக்குழந்தையோட மன்னாருக்குப் போய் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனனாங்கள். அம்மா வர மாட்டன் எண்டிட்டா. வீட்டையும் மாட்டையும் ஆர் பாக்கிறது எண்டு கேட்டா. போனால் திரும்பி வரேலாது எண்டு தெரிஞ்சுதான் போனது. மண்டபம் முகாமில இருக்கேக்க 91ல அம்மா மோசம் போயிட்டா. கடிதம் என்ர கைக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல, 31ம் நாள் கிரியையும் முடிஞ்சுது. ஊரில எல்லாரும் அழுது முடிச்சாப் பிறகு நான் ஒருத்தி அங்க தகரக் கொட்டிலுக்க இருந்து அழுதன். எங்கட வரிசையில தண்ணி பிடிக்க வாற உள்ளூர் அம்மா ஒராள், ஆரெண்டும் தெரியாது, எனக்கு மூண்டு நாள் கஞ்சி கொண்டு வந்து தந்தவ. அந்த முகம் இப்பவும் ஞாபகம்.

அதால கொழும்புத் தம்பி சொல்றதை நான் முழுக்க ஏற்க மாட்டன். தம்பி, உங்கட நோவு விளங்குது, ஆனா உங்கட பிள்ளை இப்ப உங்களோட ஒட்டிட்டுதுதானே? பிள்ளையள் மறக்குங்கள், திரும்ப ஒட்டிக்கொள்ளுங்கள், அதுகளுக்குக் காலம் கிடக்கு. 71 வயசு மனுசனுக்கு அப்பிடி இல்லை.

ஆனா பிள்ளை, எனக்கு உங்கட பதிவில ஒண்டு குறையுது. ஃப்ளைட் இருக்கு, கான்ட்ராக்ட் இருக்கு, லோன் இருக்கு, அண்ணா இருக்கிறார், அப்பா என்ன சொல்றார் எண்டு ஒரு வரி இல்லை. அவரிட்டக் கேட்டீங்களோ? சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா எண்டு கேக்கிறதைச் சொல்லேல்ல. நான் வரட்டா வேண்டாமா எண்டு நேர கேட்டீங்களோ? என்ர அம்மாவிட்ட நான் கேட்டனான், அவ சொன்ன மறுமொழியாலதான் இண்டைக்கும் நான் நிமிர்ந்து நிக்கிறன். "நீ போ, பிள்ளையைக் காப்பாத்து, நான் இங்கதான் இருப்பன்" எண்டு சொன்னவ. கேளாமப் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பனோ தெரியாது.

உளுந்து வேணுமெண்டா சொல்லுங்கோ. தம்பி ஒருத்தன் தோட்டத்தில போட்டவன், எங்களிட்டக் கிடக்கு. மரக்கறி லொறிக்காரப் பெடியனிட்டக் குடுத்து விடலாம், அவன் உங்கட றோட்டுக்கும் வாறவன்.


கும்பகோணத்துப்பொண்ணு
12 ஜூன் 2021, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும்னு இருக்கு, முடியல. பயணத்தடையை 21 வரைக்கும் நீட்டிட்டாங்க, பாத்திருப்பீங்க.

நர்ஸ் தங்கச்சி, நீங்க சொன்ன மாதிரி சுகர் பாத்தாச்சு, சாப்பிட்ட பிறகு 310. அவருக்கு இதுவரைக்கும் சுகரே இருந்ததில்ல. நீங்க சொல்லலைன்னா நாங்க தளர்ச்சின்னே நெனச்சிட்டு இருந்திருப்போம். டாக்டர்கிட்ட போன்ல பேசி மாத்திரை ஆரம்பிச்சிருக்கு.

டீச்சரம்மா, உங்க பதிலைப் படிச்சதுல இருந்து ஒரு வேலையும் ஓடல. நான் கேக்கல. இத்தனை நாள்ல ஒரு தடவை கூட அப்பாகிட்ட அந்தக் கேள்வியைக் கேக்கல. வான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம், வேணாம்னு சொன்னாலும் எனக்காக சொல்றார்னு தோணும், அதனால கேக்காமலே இருந்துட்டேன்.


கிண்ணியா_வாசி
13 ஜூன் 2021, முற்பகல் 11.20

சகோதரி, நான் அறிவுரை சொல்ல வரல, என்ட கதையச் சொல்றன். எங்கட மாமா டிசம்பர்ல கொழும்புல ஆஸ்பத்திரியில கோவிட்ல மௌத்தானார். அந்த நேரம் எரிக்கத்தான் வேணும் எண்டு சட்டம், அடக்க விடல்ல. நாங்க ஒரே நாட்டுக்குள்ள, பாஸ்போர்ட்டும் தேவல்ல, விசாவும் தேவல்ல, ஒரு பகல் பயணம், ஆனா ஜனாஸா முகத்தப் பாக்கவும் ஏலல்ல, தொழுவிக்கவும் ஏலல்ல. மார்ச்சுல ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க, எங்களுக்கு அது பிந்திட்டு. மாமி இண்டைக்கும் சொல்றது ஒண்டுதான், ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நாள் அவர் என்னமோ சொல்ல வந்தார், நான் பேசாம படுங்க எண்டு சொல்லிட்டன் எண்டு. டீச்சர் சொல்றதுதான் சரி, உங்கட வாப்பாவோட பேசுங்க. இண்டைக்கே பேசுங்க. அல்லாஹ் அவருக்கு சுகத்தைத் தரட்டும்.


வெள்ளவத்தை_நெல்லைக்காரன்
13 ஜூன் 2021, இரவு 8.45

டீச்சரம்மா, நீங்க சொன்னதுக்கு மறுத்துப் பேச எனக்கு வாய் வரல. பொண்ணு ஒட்டிக்கிட்டாதான். ஆனா பையன் பொறந்தப்ப என் மனைவி கையை யாரும் பிடிக்கல, அது திரும்பி வராது, அதனால என் கருத்துல பாதியை மட்டும் வாபஸ் வாங்குறேன். சிஸ்டர், சுகர் 310ன்னா ஒரு வாரம் தினமும் பாருங்க, அசால்ட்டா விடாதீங்க.


கும்பகோணத்துப்பொண்ணு
19 ஜூன் 2021, இரவு 11.10

கேட்டுட்டேன்.

பிள்ளைங்க தூங்கினப்புறம் வீடியோ வேணாம்னு சும்மா கால் போட்டேன், முகத்தைப் பாத்தா என்னால கேக்க முடியாது. அப்பா, நான் வரட்டுமா வேணாமா, என்னை நெனச்சு சொல்லாதீங்க, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல, ஃபேன் சத்தம்தான் வந்துச்சு. அப்புறம் சொன்னார், "இப்ப நீ வந்தா என்னைப் பாத்துப்ப, மாப்பிள்ளையை யார் பாக்குறது. நான் எழுந்து நடக்குறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. நீ அம்மா தலைத்திவசத்துக்கு வா. அன்னைக்கு நீ பாக்கலைன்னு எனக்கு தெரியும்."

எனக்கு புரியல. எப்படி தெரியும்னு கேட்டேன். சுடுகாட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி துண்டு எடுக்க உள்ள வந்திருக்கார், சேருக்கு அடில போன் கிடந்திருக்கு, நான் அழுற சத்தம் அதுல இருந்து வந்துட்டு இருந்திருக்கு. "எடுத்து உன் மூஞ்சியைப் பாக்க எனக்கு தைரியம் இல்லம்மா, அப்படியே வச்சிட்டு போயிட்டேன்"னார். ஒன்பது மாசமா அவரும் சொல்லல, நானும் போன் விழுந்ததை சொல்லல, தெரிஞ்சா வருத்தப்படுவார்னு. ரெண்டு பேரும் தினமும் சாப்ட்டாச்சான்னு கேட்டுட்டே இருந்திருக்கோம்.

அதனால முடிவு இதுதான். இப்ப போகல. திதி செப்டம்பர் முதல் வாரத்துல வருது. அதுக்குள்ள தடையை எடுத்துட்டா நாலு பேரும் பத்து நாள் லீவுல போயிட்டு வர்றோம். எடுக்கலைன்னா நானும் பிள்ளைங்களும் போறோம், திரும்ப எத்தனை மாசம் ஆனாலும் சரின்னு வீட்டுக்காரரே சொல்லிட்டார், அவரும் அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து அந்த சாமியானா கம்பைப் பாத்தவர்தான். பெரியவன்கிட்டயும் சொல்லியாச்சு, அவன் கேட்டது அப்பாவுக்கு யார் சமைப்பாங்கன்னு மட்டும்தான். இங்க இருக்கிற வரைக்கும் தோசை ஊத்த அவருக்கு கத்துக் குடுக்கப் போறேன், டீச்சரம்மா குடுத்து விட்ட உளுந்துல நேத்து மாவு அரைச்சாச்சு, ரொம்ப நாளைக்கப்புறம் வீட்ல இட்லி.

அப்பாவுக்கு சுகர் 180க்கு வந்துருச்சு. எதிர்வீட்டு அக்காவோட சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி காலைல வந்து ரெண்டு வேளைக்கு சமைச்சு வச்சிட்டு போறா. நடந்துட்டு பாத்தா ஆக்ஸிஜன் 95. பாட்டில் அடி தெரியுதுன்னு நான் சொன்னதுக்கு, கொல்லைல இருக்குற மஞ்சளை வெட்டி காயப்போட ஆள் பாக்குறேன், நீ வந்து அரைச்சு எடுத்துட்டு போன்னார்.

டீச்சரம்மா, 21ம் தேதி திறந்தா அன்னைக்கு சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரலாமா? பிள்ளைங்களை வாசல்லயே நிறுத்திக்கிறேன்.

வெள்ளவத்தை அண்ணா, ஒரே ஒரு சந்தேகம், உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். எங்க விசா ஆகஸ்ட்ல முடியுது. இங்க இருக்கிற வெளிநாட்டுக்காரங்களுக்கு தானாவே நீட்டிட்டு வர்றாங்க, அது சரி, ஆனா அப்படி நீட்டின விசாவுல நாங்க வெளிய போயிட்டா திரும்பி வரும்போது அது செல்லுமா, இல்ல போறதுக்கு முன்னாடியே பத்தரமுல்லை இமிக்ரேஷன் ஆபீஸ்ல பாஸ்போர்ட்ல சீல் போட்டு புதுப்பிச்சிட்டுத்தான் போகணுமா? உங்க மனைவி திரும்பி வந்தப்ப எதைக் காட்டினாங்கன்னு கொஞ்சம் கேட்டு சொல்லுங்க.